ஆறாவது கம்பி

டக்ளஸின் கிட்டார் கிட்டாரைத் தவிர மற்ற எல்லா வாத்தியமும் வாசித்தது.

அதைக் கொடுத்தவன் அவனுடைய பெரியம்மா மகன். கப்பலில் பயணிகளுக்கு வாசிக்கிற ஆள். லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, பெட்டியில் இடமில்லை என்று சொல்லி இதை டக்ளஸ் தலையில் கட்டிவிட்டுப் போனான். கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கம்பியும் அதிர்வதைத் தனித்தனியாகக் கேட்டு, தடித்த கேபிள் வழியாக அது ஒரு கறுப்புப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி, இது இன்ன சுரம் என்று கண்டுபிடித்து, அதைப் புல்லாங்குழலாகவோ வயலினாகவோ பாடிக் காட்டும். மிடி என்று பெயர்.

கண்டுபிடிக்கப் பெட்டிக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அதுதான் தொல்லை. மெல்லிய கம்பி என்றால் சட்டென்று பதில் வரும். தடித்த ஆறாவது கம்பி சோம்பலாக ஆடுகிற கம்பி. அதைத் தொட்டால் பெட்டி யோசித்து, மனசு வந்து, பிறகுதான் வாயைத் திறக்கும். ஆகவே தாளத்துக்கு ஒரு கண்சிமிட்டு முன்னாலேயே மீட்டிவிட வேண்டும். முப்பத்தாறு வயது வரைக்கும் பள்ளிக்கூடம், பஸ், பூசை எதற்குமே முன்கூட்டிப் போய்ப் பழக்கமில்லாத டக்ளஸுக்கு இது பெரிய தண்டனை.

வீட்டில் முதல்முதலாகப் புல்லாங்குழல் வைத்து ஒரு மாதா பாட்டு வாசித்துக் காட்டினான். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதென்றா சத்தம்?"

"புல்லாங்குழலும்மா."

"கிட்டாருக்கு என்னடா கேடு வந்துச்சு? அது பாட்டுக்குக் கிட்டார் மாதிரி கத்தீட்டுப் போறதுதான?"

டக்ளஸ் அம்மாவை மன்னித்தான். கலைஞர்களுக்கு வீட்டில் மரியாதை கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும். வெளியிலும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது டக்ளஸுக்கு நேரம் நிறைய இருந்தது. பச்சைத் தேயிலை விலை சரிந்துபோன வருஷங்கள் அவை. குன்னூர் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே இருந்த அவர்கள் எஸ்டேட்டில் ஃபாக்டரியை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. பேக்கிங்கில் இருந்த டக்ளஸும், தேயிலை உலர்த்துகிற டிரையரில் இருந்த லியோவும், கொழுந்து பறிக்கிற பெண்களும் சும்மா இருந்தார்கள். ஆட்கள் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கட்டிப்போட்டது ஒரு வாக்கு. மூடின அன்றைக்கு மேனேஜர், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று சொன்னார்: "திறக்கிற அன்னைக்குச் சங்கு ஊதும். முதல்ல ஒரு டிரையர்தான் ஓட்ட முடியும். பெரட்டுக்கு யாரு முன்னால வந்து நிக்கிறாங்களோ அவங்க பேரைத்தான் போடுவோம்."

அன்றிலிருந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளில் எல்லோரும் ஒரு காதை மட்டும் தூங்கவிட்டார்கள். சாமிப் பாட்டு டேப்பைக்கூடச் சத்தமாகப் போடுவதில்லை. சங்கு காதில் விழாமல் போய்விட்டால்?

லியோதான் டக்ளஸின் தங்கை ஜெஸிந்தாவைக் கட்டப்போகிறவன். கட்டப்போகிறவன், கட்டப்போகிறவன் என்றே காலம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் அவனே தள்ளிப் போட்டான். "வேலையில்லாம எப்படிங்க? ஃபாக்டரி திறக்கட்டும்" என்பான். ஜெஸிந்தா கோபிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. மூன்றாவது தடவை அவளே பாதரிடம் போய் நாள் வாங்கி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டு வந்து, லியோவுக்குத் தகவல் மட்டும் சொன்னாள். லியோ பயந்துபோய்ச் சரி என்றான். ஆனால் டக்ளஸைத் தனியாகப் பிடித்து, "மச்சா, இந்தத் தடவை ஏதாச்சும் தட்டிப் போச்சுன்னா என்ற மனசு மறுபடி ஒப்பாதுங்க. பாத்துக்கங்க" என்றான்.

"என்ன தட்டிப் போகும்? நான் இருக்கறனல்ல" என்றான் டக்ளஸ்.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது, லியோ பயப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஜெஸிந்தா அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கல்யாணத்தன்று அவள் கோயிலுக்குள்ளே நடந்து வரும்போது ஆர்கன் வாசிக்க வேண்டும். கோயில் ஆர்கன் மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தது. துருத்தியை எலி தின்றுவிட்டது. அதை இருபது வருஷமாக மிதித்து வாசித்த மெட்டில்டா டீச்சர் இப்போது கையால் தாளம் போட்டுப் பாட்டுக் குழுவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர்கன்தான? பெட்டிக்குள்ள மூணு ஆர்கன் இருக்குது" என்றான் டக்ளஸ்.

ஒத்திகைக்கு வந்த மெட்டில்டா டீச்சர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"டக்ளசு, என்ற ஆர்கன மிதிச்சாத்தான் மூச்சு விடும். இது எப்படி மூச்சு விடுது?"

"கரண்டுங்க டீச்சர்."

"கரண்டு போச்சுன்னா?"

"போகாதுங்க."

"மூச்சும் அப்படித்தான், போற வரைக்கும் போகாது" என்று சொல்லிவிட்டு டீச்சர் குளிருக்குச் சால்வையை இழுத்துக்கொண்டார்.

ஒத்திகையில் ஆர்கன் நன்றாகவே வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் டக்ளஸ் டக்ளஸாக இருந்திருக்க மாட்டான். கோயிலுக்குள் மட்டும் கேட்டால் போதுமா? திருவிழாவுக்கு மணிக்கூண்டில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் வாங்கிக் கட்டினான். ஒன்று ஜெகதளா பக்கம் பார்த்தது, இன்னொன்று லயன்களைப் பார்த்தது. தங்கச்சி கல்யாணத்து ஆர்கனைப் பள்ளத்தாக்கே கேட்கட்டும் என்பது அவன் எண்ணம். பள்ளத்தாக்கு கேட்டது.

அன்றைக்குக் காலையில் பனி விலகி நல்ல வெயில். லியோ வாடகைக் கோட்டில், கழுத்தை அசைக்க முடியாமல், பீடத்துக்கு முன்னால் நின்றான். வாசலில் ஜெஸிந்தா வெள்ளைப் புடவையும் தலைக்கு நெட்டும் போட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சுகளில் ஃபாக்டரி ஆட்கள்தான் பாதிப் பேர். பாதர் டக்ளஸைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

டக்ளஸ் பெட்டியின் திருகை ஆர்கனுக்குத் திருப்பினான். அவசரத்தில் அது ஒரு கட்டம் தாண்டிப் போய் நின்றது. அவன் கவனிக்கவில்லை. அவன் கண் முழுக்கத் தங்கச்சிமேல். கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது, அதை அவன் எப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டான். கம்பீரமாகத் தொடங்க வேண்டும் என்று ஆறாவது கம்பியின் அடியிலிருந்து விரலை இழுத்துக்கொண்டே மேலே போனான். பிடித்த சுரத்தை விடாமல் நிறுத்தி வைக்கிற பெடல் ஒன்று உண்டு, அதையும் மிதித்து வைத்தான்.

பெட்டி வழக்கம்போலக் கொஞ்சம் யோசித்தது. பிறகு சொன்னது:

"ஊ...ஊ...ஊ...ஊங்ங்ங்..."

அடிவயிற்றிலிருந்து எழும்பி, வளைந்து மேலேறி, உச்சியில் நின்று, நிறுத்தாமல் முழங்கியது. மணிக்கூண்டுக் குழாய்கள் அதை வாங்கி மலைச்சரிவில் எறிந்தன. எதிர் மலை திருப்பி எறிந்தது.

எட்டு மாதமாகத் தூங்காத காதுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

முதலில் எழுந்தவன் ரோலர் செக்‌ஷன் மூக்கன். சம்பிரதாயத்துக்குக் கல்யாணத்துக்கு வந்தவன். "சங்கு!" என்றான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. செருப்புகள் வெளியே குவியலாகக் கிடந்ததால் பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடினார்கள்.

லியோ ஒரு கணம் அப்படியே நின்றான். பாதரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அப்புறம் அவன் கால் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. வாடகைக் கோட்டின் வால் பறக்க நடுப்பாதையில் ஓடி, வாசலில் நின்ற ஜெஸிந்தாவுக்கு முன்னால் ஒரு வினாடி தயங்கி, "வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

டக்ளஸ் என்ன செய்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். டக்ளஸும் ஓடினான்.

சங்கு கேட்டது. அவன் பேக்கிங் ஆள். பேக்கிங்குக்கு மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். இவ்வளவுதான் அவன் மண்டைக்குள் இருந்தது. கிட்டார் கழுத்திலேயே தொங்க, குறுக்குப் பாதையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாய்ந்து, இரண்டு பேரை முந்தினான். ஒருவரை முழங்கையால் இடித்தான், அது ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன்.

ஃபாக்டரி கேட்டுக்கு முன்னால் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. லயன்களிலிருந்து பெண்கள் தலைக்கு முக்காடும், இடுப்பில் ஈரம் படாமல் சுற்றுகிற படங்குச் சாக்கும், முதுகில் கூடையுமாக வந்து நின்றார்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பத்துத் தெய்வம்மா வழக்கம்போல முதல் ஆளாக வந்து கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள். எல்லோரும் தாங்களாகவே வரிசை கட்டினார்கள். லியோ ஐந்தாவது ஆள். டக்ளஸ் அவனுக்கு நேர் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, ரொம்பப் பெருமையாக நின்றான்.

"மச்சா, கல்யாணத்தன்னைக்கே திறக்கறாங்க பாத்தீங்களா! மாதா புண்ணியம்" என்றான் லியோ. கண்ணில் தண்ணீர் நின்றது.

"நாந்தான் சொன்னனல்ல" என்றான் டக்ளஸ்.

கேட்டுக்குள்ளே வாட்ச்மேன் அய்யாவு குரங்குக் குல்லாயும் கையில் டீ டம்ளருமாகத் திகைத்துப்போய் நின்றிருந்தார்.

"அய்யாவு அண்ணே, கேட்டைத் தொறங்க! மேனேஜர் எங்கீங்க?"

"மேனேஜரா? ஏனுங்க, என்ன எல்லாருமா வந்திருக்கீங்க? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"சங்கு ஊதுனீங்கல்ல!"

"நானா? நா ஊதலீங்க. நானும் கேட்டனுங்க. கேட்டுப்போட்டு எனக்கே நெஞ்சு அடச்சுப் போச்சுங்க. ஃபாக்டரிக்குக் கரண்டே இல்லீங்களே, புடுங்கி மூணு மாசமாச்சே!"

"பொய் சொல்லாதீங்க. குடிச்சுப்போட்டு ஸ்விட்ச்ச அமுக்கீட்டீங்க" என்றான் மூக்கன்.

"சத்தியமா இல்லீங்க சாமி. டீதானுங்க இது, வேணும்னா மோந்து பாருங்க!"

கூட்டம் அவரைப் பார்த்துச் சத்தம் போடத் தொடங்கியது. யாரோ கேட்டை உலுக்கினார்கள். அய்யாவு டம்ளரைக் கம்பி வழியாக நீட்டிக்கொண்டு, மோந்து பாருங்க, மோந்து பாருங்க என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்.

அப்போதுதான் டக்ளஸின் முழங்காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தான். கிட்டாரிலிருந்து தடித்த கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை எதிலும் செருகப்படாமல், மண்ணும் ஒரு தேயிலைக் கொழுந்துமாக ஆடிக்கொண்டிருந்தது.

சங்கு எப்போது நின்றது? அவன் எழுந்து ஓடியபோது. எழுந்தபோது கால் எதை விட்டது? பெடலை.

பெட்டிக்கு ஆறாவது கம்பியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைப்போல நூறு மடங்கு நேரம் டக்ளஸுக்கு ஆகியிருந்தது. ஊரிலேயே நல்ல காது தனக்குத்தான் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், தான் வாசித்ததைக் கேட்டுத் தானே ஓடி வந்து வரிசையில் நின்றிருக்கிறான். அதுவும் ஞானத்தகப்பனை இடித்துவிட்டு.

சும்மா இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அய்யாவுக்கு ஏற்கெனவே குடிகாரப் பெயர் உண்டு. இன்னொரு தடவை குடித்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நேரம் பார்த்து அய்யாவு டம்ளரை அவனிடமும் நீட்டி, "டக்ளசு தம்பி, நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார்.

டக்ளஸ் மோந்து பார்த்தான். டீதான். அதில் இஞ்சிகூடப் போட்டிருந்தது.

"அவரு ஊதலீங்க. நாந்தானுங்க" என்றான்.

கேட்டை உலுக்கிய கைகள் நின்றன.

"கோயில்ல ஆர்கன் வாசிக்கறேன்னு... திருகு மாறிச் சங்குச் சத்தத்துல நின்னுருச்சுங்க. இந்தக் கிட்டாருதானுங்க ஊதுச்சு. ஸ்பீக்கர வேற நாந்தான் வெளிய கட்டுனேன்."

யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. மூக்கன் கிட்டாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத்தினிக்கூண்டு சாமானா?" என்றான். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல் கூடையை இறக்கினார்கள்.

தெய்வம்மா கேட்டுக் கம்பியை விட்டாள். "நீயா தம்பி ஊதின? நான் அடுப்புல சோத்தை வச்சிட்டு ஓடியாந்திட்டன். இந்நேரம் கரிஞ்சிருக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நல்லா ஊதின. ஃபாக்டரிச் சங்கு ஒரு நாளும் இம்மட்டுச் சுத்தமா ஊதினதில்ல" என்றாள். அதற்கு ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லியோ மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து, கேட்டை ஒட்டிய கல்லில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"லியோ, எந்திரி. பாதர் காத்திட்டிருப்பாரு."

"நா வரலீங்க மச்சா."

"தப்பு என்ற மேல. என்ன வேணாத் திட்டு. அவள விட்டுராத."

"உங்க மேல கோவம் இல்லீங்க. பொண்ணு வாசல்ல நிக்கிது. நா அதைச் சுத்தீட்டு ஓடியாந்துட்டேன். பனியன் கம்பெனிக்குப் போனவனெல்லாம் மனுசனா இருக்கான். நா சத்தம் கேட்டா ஓடற பண்டமா ஆயிட்டேன். என்ன மூஞ்சிய வெச்சுட்டுங்க அந்தப் புள்ள முன்னால போய் நிக்கறது? நெசமாலுமே சங்கு ஊதட்டும். அன்னைக்குப் பாத்துக்கலாம்."

டக்ளஸ் அவன் முன்னால் குந்தினான். கிட்டார் தரையில் இடித்து, கம்பிகள் சும்மா ஒரு தரம் முனகின.

கூட்டம் விலகியது. ஜெஸிந்தா வந்துகொண்டிருந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, புதுச் செருப்பை ஒரு கையிலும் நெட்டை இன்னொரு கையிலும் வைத்திருந்தாள். பின்னால் மெட்டில்டா டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். ஜெஸிந்தா அண்ணனைப் பார்த்தாள். கேபிளைப் பார்த்தாள். விசாரிக்க அவளுக்கு எதுவும் மிச்சமில்லை.

"அண்ணா, அக்கட்டால போ."

டக்ளஸ் ஒதுங்கி அக்கட்டால போனான்.

"ஏனுங்க, வெளிய ஓடறப்ப எங்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

லியோ தரையைப் பார்த்தான். "வந்தர்றேன்னு."

"அப்ப வாங்க."

"ஜெஸி, நா உன்ன விட்டுப்போட்டு..."

"ஓடுனீங்க. பாத்துட்டுத்தான நின்னேன். எட்டு மாசமா எனக்கு ஒரே பயந்தானுங்க. இந்த மனுசன் ஊட்டுல குந்தியே பழகிப் போயிருவாரோ, நாளைக்கு வேலைன்னு கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டாரோன்னு. ராத்திரியெல்லாம் அதேதான். இன்னைக்கு அந்தப் பயம் போச்சு. கோட்டுப் போட்டுட்டு அந்த ஓட்டம் ஓடற ஆளுக்கு எங்கயாச்சும் வேலை கெடைக்காமயா போயிரும்? ஃபாக்டரி திறந்தா ஃபாக்டரி. இல்லைன்னா ரெண்டு பேரும் திருப்பூருக்கு ஓடலாம். எனக்கும் ஓடத் தெரியும். இப்பத்தான் ஓடியாந்தேன்."

லியோ அவள் காலைப் பார்த்தான். வெறுங்கால், கணுக்கால் வரைக்கும் செம்மண்.

"முள்ளுக் குத்துச்சா?"

"குத்தாம? ரெண்டு. கோயில்ல வந்து எடுத்து உடுங்க."

அவன் எழுந்தான். தெய்வம்மா கோட்டை எடுத்து உதறி அவன் தோளில் போட்டாள்.

அய்யாவு கேட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். காவல் காக்க உள்ளே என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கூடைக்காரப் பெண்களும் திரும்பி லயனுக்குப் போகவில்லை. எப்படியும் சோறு கரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு அழைக்காத வீடுகள்கூடப் பெரட்டுக்குப் போகிற கோலத்தில் கோயிலைப் பார்த்து நடந்தன. "ஏனுங்க, பிரியாணி எத்தன பேருக்குப் போட்டிருக்குது?" என்று மெட்டில்டா டீச்சர் டக்ளஸின் அம்மாவைப் பார்த்ததும் கேட்டார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு சமையல்காரரைத் தேடிப் போனாள்.

லியோ ஒரே ஒரு நிபந்தனை போட்டான். டக்ளஸ் வாசிக்கலாம், பெட்டியும் இருக்கலாம். ஆனால் ஆறாவது கம்பி இருக்கக் கூடாது. மாப்பிள்ளையே பீடத்துக்கு முன்னால் குந்தி, திருகாணியைச் சுற்றித் தளர்த்தி, கம்பியைக் கழற்றி, சுருட்டி, பாதரிடம் கொடுத்தான். பாதர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கிக்குள் போட்டுக்கொண்டார். மெட்டில்டா டீச்சர் திருகுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி ஆர்கனின் எண்ணைச் சரிபார்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். குழாய் ஸ்பீக்கர்களின் வயரை மூக்கன் பல்லால் கடித்துத் துண்டித்தான்.

ஐந்து கம்பியில் ஆர்கன் ஒழுங்காகவே வந்தது. அடிச் சுரம் இல்லாததால் கொஞ்சம் சளி பிடித்த ஆர்கன். ஜெஸிந்தா முள்ளுக் காலோடு நொண்டி நொண்டி நடந்து வந்தாள். கூடைக்காரிகள் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். டக்ளஸ் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு கண்சிமிட்டு நேரம் முன்னால் மீட்டினான். இந்தத் தடவை கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

பாதர் புத்தகத்தைத் திறந்து, "லியோ, இவளை உன் மனைவியாக..." என்று தொடங்கினார். கீழே கொண்டையூசி வளைவில் குன்னூர் பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது.

லியோவின் வலது கால் அரையடி நகர்ந்தது. ஜெஸிந்தா அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"பஸ்ஸுங்க" என்றாள் மெதுவாக.

"தெரியும்" என்றான் லியோ. பிறகு பாதரைப் பார்த்து, "சம்மதமுங்க" என்றான், பாதர் கேள்வியை முடிப்பதற்கு முன்பே.

பெட்டிக்குப் பின்னால் டக்ளஸ், ஹாரனுக்குப் பாதி எழுந்தவன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தான்.